மலையில் மரவேலிப் பெயிண்ட் ஏன் உரிகிறது? ஈரத்திலிருந்து தொடங்கும் ஒரு விளக்கம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் மரவேலிக்கும் வீட்டு முன்னால் போட்ட மரத்தளத்துக்கும் கோடையில் பெயிண்ட் அடிப்பார்கள். ஒரு மழைக்காலம் தாண்டியதும் அது செதில் செதிலாக எழும்பும். "பெயிண்ட் மட்டம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடம் விலை கூடிய டப்பா வாங்கி, உரிந்ததைச் சுரண்டி, அதன் மேலேயே மறுபடி அடிப்பார்கள். அதுவும் உரியும்.

பெரும்பாலும் குறை பெயிண்டில் இல்லை. பூசிய அன்று மரத்துக்குள் எவ்வளவு ஈரம் இருந்தது, அதற்குப் பிறகு ஈரம் எந்த வழியாக உள்ளே போனது, போன ஈரம் திரும்பி வெளியே வர வழி இருந்ததா என்ற மூன்றும்தான் பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் எந்தப் பூச்சு வாங்குவது, எந்த மாதம் பூசுவது, எங்கே கூடுதலாகப் பூசுவது எல்லாம் தானாகவே விளங்கும்.

மரத்தின் ஈரத்தைக் கணக்கிடும் முறை

மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் சொல்வார்கள். முழுக்க உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு, அதில் உள்ள நீரின் எடை எவ்வளவு என்பதே கணக்கு. வேலிப் பலகையிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 120 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை மேற்கொண்டு குறையாத வரை உலர்த்தி மீண்டும் நிறுத்தால் 100 கிராம். போனது 20 கிராம் நீர். ஆகவே ஈரம் 20 சதவீதம். இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி ஈரத்தைக் காட்டும் ஈரமானிகளும் கிடைக்கின்றன. பெரிய வேலையாக இருந்தால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாக அறுத்த மரத்தில் அதன் உலர் எடைக்குச் சமமாகக்கூட நீர் இருக்கலாம். முதலில் நார்க்குழாய்களுக்குள் நிற்கும் நீர் வெளியேறும். அதுவரை மரம் சுருங்காது. ஈரம் 28–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நாரின் சுவரிலேயே ஊறியிருக்கும் நீர் போகத் தொடங்கும். சுருக்கமும் வெடிப்பும் வளைவும் அங்கிருந்து ஆரம்பம்.

எவ்வளவு காய்ந்த மரமாக இருந்தாலும் அது சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை இழுக்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் ஏறக்குறைய 12 சதவீத ஈரத்தில் நிலைக்கும். காற்று 80 என்றால் மரம் 16. காற்று 90 என்றால் மரம் 20. மலையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேகம் வீட்டு வாசலில் நாள்கணக்கில் நிற்கும்போது ஒரு சொட்டு மழை படாத மரமும், கூரைக்குக் கீழே இருந்தாலும், 20 சதவீதத்தை நெருங்கிவிடும். சமவெளியில் நன்றாக நின்ற பூச்சு மலையில் நிற்காமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்த 20 முக்கியமான எண். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைகளுக்கு அதற்குக் கீழே வாழ்வில்லை. ஈரம் அதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வேலையைத் தொடங்கிவிடும். பூச வேண்டுமென்றால் 15 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. 18 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பிரஷைக் கையில் எடுக்க வேண்டாம்.

சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை, அகலவாக்கில் சுருங்கும். மழைக்காலத்தில் 20 சதவீதம் ஈரத்தோடு இருந்த 6 அங்குலப் பலகை பிப்ரவரி வெயிலில் 12க்கு இறங்கினால், அதன் அகலத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் குறைந்துவிடும். மேலே ஒட்டியிருக்கும் பெயிண்ட் படலமும் அதே அளவு சுருங்கி விரிய வேண்டும். அதற்கு நெகிழ்ச்சி இல்லையென்றால் மயிரிழை போல் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக அடுத்த மழை உள்ளே இறங்கும்.

ஈரம் நுழையும் வாசல்

மரத்தை, நெருக்கிக் கட்டிய வைக்கோல் கற்றையாக நினைத்துக்கொள்ளுங்கள். கற்றையின் பக்கவாட்டில் தண்ணீர் தெளித்தால் பெரும்பகுதி வழிந்துவிடும். வெட்டிய முனையைத் தண்ணீரில் வைத்தால் ஒவ்வொரு தாளும் உறிஞ்சும். மரத்தின் வெட்டுமுனையும் அப்படித்தான். பலகையின் முகத்தைவிட வெட்டுமுனை வழியாக ஈரம் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக நகரும்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? முகத்துக்கு மூன்று கோட் அடிக்கிறோம். ரீப்பரின் (வேலியில் நிற்கும் குறுகிய பலகையின்) உச்சிமுனை, கிடைச்சட்டம் கம்பத்தில் சேரும் இடம், தரையைத் தொடும் அடிமுனை, ஆணி ஓட்டை ஆகியவற்றைப் பிரஷ் நுனியால் தொட்டுவிட்டுப் போகிறோம். மழை அந்த வழியாக உள்ளே இறங்குகிறது. வெயில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறப் பார்க்கிறது. முகத்திலோ கனமான எனாமல் படலம் கதவைச் சாத்தியிருக்கிறது. ஆவி படலத்தை மரத்திலிருந்து தள்ளி எழுப்புகிறது. கொப்புளம் வருகிறது, பிறகு உரிகிறது. வேலியில் பெயிண்ட் எப்போதும் ரீப்பரின் முனைகளிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும் உரியத் தொடங்குவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

கையில் ஒரு லிட்டர் பூச்சுதான் இருக்கிறது என்றால், முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெட்டுமுனைகளுக்கெல்லாம் முதலில் மூன்று முறை ஊற ஊறப் பூசுங்கள். மரவேலையில் இதைவிடக் குறைந்த செலவில் அதிக ஆயுள் தரும் காரியம் வேறு இல்லை.

வெயிலின் வேலை

மலையில் குளிராக இருப்பதால் வெயிலின் கடுமையை நாம் குறைத்து எடைபோடுகிறோம். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். தெளிந்த வானமுள்ள ஜனவரி நாளில் அங்கே மரம் வாங்கும் புற ஊதாக் கதிர், அதே வானத்தின் கீழ் சமவெளியில் வாங்குவதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

அந்தக் கதிர் மரநார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. சிதைந்த லிக்னினை மழை கழுவிக்கொண்டு போக, மிச்சமிருக்கும் நார் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் நிற்கும். இது மேலோட்டமான சேதம்தான். மரத்தின் பலம் குறையாது. ஆனால் அந்தப் பஞ்சின் மேல் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும், பஞ்சு மரத்தைப் பிடித்துக்கொள்ளாது. புது மரமே மூன்று நான்கு வாரம் திறந்த வெயிலில் கிடந்தால் பூச்சு பிடிக்கும் திறன் கணிசமாகக் குறைந்துவிடும். வேலியை நட்டுவிட்டு "அடுத்த மாதம் பெயிண்ட் அடிக்கலாம்" என்று விட வேண்டாம். விட்டுவிட்டீர்கள் என்றால் உப்புத்தாள் போட்டு, புது மரம் தெரியும் வரை தேய்த்த பிறகே பூசுங்கள்.

கதிரைத் தடுப்பது பூச்சில் உள்ள நிறத்துகள். நிறமே இல்லாத தெளிந்த வார்னிஷ் கதிரை உள்ளே விட்டுவிடும். படலம் நன்றாகவே இருக்க, அதற்குக் கீழே மரத்தின் மேற்பரப்பு சிதைந்து, வார்னிஷ் தாள் தாளாகக் கழன்று வரும். மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் காவி, தேன், காப்பிக்கொட்டை போன்ற நிறமுள்ள வுட் ஸ்டெய்ன் வாங்கலாம். அவற்றில் இரும்பு ஆக்சைடு நிறத்துகள் இருக்கும். ரேகையும் தெரியும், கதிரும் தடுக்கப்படும்.

எந்தப் பூச்சு?

கடையில் பல பெயர்களில் விற்றாலும் அடிப்படையில் இரண்டு வகைதான். ஒன்று மரத்தின் மேல் படலமாக நிற்பது: எனாமல், அக்ரிலிக் பெயிண்ட், வார்னிஷ், பாலியூரித்தேன். மற்றது மரத்துக்குள் இறங்கி, மேலே படலம் கட்டாதது: எண்ணெய் சார்ந்த ஸ்டெய்ன், மர எண்ணெய்கள்.

மரத்தளத்துக்குப் படலம் கட்டும் எதுவும் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கால் மிதிபடும், நாற்காலி இழுபடும், கிடைமட்டமாக இருப்பதால் தண்ணீர் தேங்கும். படலம் ஒரு இடத்தில் கீறினால் போதும், அங்கிருந்து உரியும். மறுமுறை பூச வேண்டுமென்றால் முழுத்தளத்தையும் சுரண்ட வேண்டும். பளபளப்பான படலம் மழையில் வழுக்கவும் செய்யும். உள்ளே இறங்கும் ஸ்டெய்ன் உரியாது, தேய்ந்து மங்கும். மங்கிய இடத்தில் கழுவிக் காயவைத்து ஒரு கோட் கொடுத்தால் முடிந்தது.

வேலிக்கு இரண்டும் ஆகும். வெள்ளை, பச்சை என்று மரத்தை முழுக்க மறைக்கும் நிறம் வேண்டுமென்றால் வெளிப்புற அக்ரிலிக் பெயிண்ட் வாங்குங்கள். அது நெகிழும், மரத்தின் ஆவியை ஓரளவு வெளியே விடும். வழக்கமான சிந்தெட்டிக் எனாமல் முதல் வருடம் கண்ணாடிபோல் மின்னும். வயதாக ஆக இறுகி நொறுங்கும். இரும்புக் கேட்டுக்கு அது சரி. சுருங்கி விரியும் மரத்துக்கு, அதிலும் மலையில், பொருந்தாது.

பழைய இன்ஜின் ஆயிலை வாங்கிப் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் தோலுக்கும் மண்ணுக்கும் கேடான பொருள்கள் உண்டு. மழையில் கரைந்து காய்கறிப் பாத்திக்குள் இறங்கும். அதன் மேல் பிறகு எந்தப் பூச்சும் பிடிக்காது. ஆளிவிதை எண்ணெயைத் தனியாகப் பூசுவதும் ஈரமான மலைக்கு ஏற்றதில்லை. அது பூசணத்துக்கு உணவு. சில மாதத்தில் கறுத்துவிடும். பூஞ்சைக்கொல்லி கலந்து தயாரித்த ஸ்டெய்னில் அதே எண்ணெய் இருந்தால் பரவாயில்லை.

மரத்தைப் பொறுத்து மாறுபவை

தேயிலைத் தோட்ட நிழல்மரமான சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வெளியில் நிலைத்து நிற்காது. பலகையாகப் போட்டால் பாதுகாப்பு மருந்து கட்டாயம். சீகைக் கம்பும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மேலே உறுதியாக இருந்தாலும் மண்ணுக்குள் போன பகுதி சீக்கிரம் மக்கும். கற்பூர மரத்தில் இரும்பாணி அடித்தால் அதன் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கண்ணீர் வழியும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியோ, சூடாக முக்கித் துத்தநாகம் பூசியதோ பயன்படுத்த வேண்டும். தேக்கில் இயற்கை எண்ணெய் இருப்பதால் பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்தால்தான் பூச்சு ஒட்டும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதி நிற்கும், வெளிச்சுற்றில் இருக்கும் வெள்ளை முதலில் போகும்.

மருந்தேற்றிய பச்சை நிறப் பைன் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் நினைவில் வைக்க வேண்டும். மருந்து உள்மையம் வரை போயிருக்காது. அறுத்த முனைக்கு மறுபடி மருந்து பூச வேண்டும். அறுத்து மிஞ்சிய துண்டுகளைக் குளிருக்குக் கணப்பில் போட்டு எரிக்கவே கூடாது. சில வகை மருந்தில் ஆர்செனிக் இருக்கும். புகையிலும் சாம்பலிலும் அது வரும். பெயிண்ட் அடித்த பழைய பலகைக்கும் இதே எச்சரிக்கை.

எந்த மாதம், எந்த நேரம்

நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை முழுதாக வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையை அதிகம் பெறும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் வரை.

அதிலும் ஜனவரியில் ஒரு சிக்கல். ஊட்டியில் நவம்பரில் தொடங்கும் நீர்ப்பனி பிறகு உறைபனியாகிப் பிப்ரவரி வரை நீளும். தண்ணீர் சார்ந்த பெயிண்ட் படலமாக இறுகுவதற்குக் குறைந்தது 10 டிகிரி வெப்பம் வேண்டும். பகலில் 20 டிகிரியில் பூசி, மாலையில் இறுகும் முன்பே வெப்பம் 5 டிகிரிக்குப் போனால் படலம் கட்டாது. மறுநாள் விரலால் தேய்த்தால் பொடியாக வரும். எண்ணெய் சார்ந்தவை இறுகும், ஆனால் டப்பாவில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தால் 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி கடைசி வாரம் முதல் மார்ச் முடியும் வரையே எங்களுக்குப் பிடித்த காலம்.

நாளுக்குள்ளும் நேரம் உண்டு. காலையில் பலகை காய்ந்ததுபோல் தெரியும். உள்ளங்கையை அடிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பனி ஈரம் இருக்கும். 10 மணிக்குப் பிறகு தொடங்கி 2 மணிக்குள் முடித்துவிடுங்கள். பனி இறங்கும் முன் படலத்துக்கு நான்கு ஐந்து மணி நேரமாவது கிடைக்க வேண்டும். தொட்டால் சுடும் பலகையிலும் பூசக் கூடாது. மேற்பரப்பு உடனே தோல் கட்டி, உள்ளே சிக்கிய கரைப்பான் கொப்புளம் எழுப்பும்.

வேலை வரிசை

முதலில் சோதனை. கூரான ஸ்க்ரூடிரைவரால் கம்பத்தின் அடி, தரைமட்டத்திலிருந்து இரண்டு அங்குலம் மேலும் கீழும், இணைப்புகள், ஆணிகளைச் சுற்றி என்று குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டுமே இறங்கும். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அது மக்கிய மரம். அதை வெட்டி மாற்ற வேண்டும். மக்கிய மரத்தின் மேல் பெயிண்ட் அடிப்பதால் பூஞ்சைக்கு நிழல் கிடைக்கிறது, அவ்வளவுதான். காட்டெருமை உரசி அசைந்த கம்பங்களையும் இப்போதே சரிசெய்து விடுங்கள். அசையும் இணைப்பில் எந்தப் பூச்சும் நிற்காது.

பிறகு பழைய பூச்சைச் சோதிக்க வேண்டும். பிளேடால் பெருக்கல் குறிபோலக் கீறி, அதன் மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி, சடக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் அந்தப் பகுதி முழுவதையும் மரம் தெரியும் வரை எடுக்க வேண்டும். வராவிட்டால் மினுமினுப்பு போகும் அளவு தேய்த்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாகப் பழைய பங்களா வேலிகளில் இருக்கும் மஞ்சள், பச்சை, சிவப்பு அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டிச் சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேய்த்து, கீழே தார்ப்பாய் விரித்துச் செதில்களைச் சேகரியுங்கள். முகக்கவசம் கட்டாயம். சிறு குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

அடுத்து கழுவுதல். மலையில் வேலியின் வடக்குப் பக்கம் பாசியும் பூசணமும் படர்ந்திருக்கும். கறுப்புப் புள்ளி அழுக்கா பூசணமா என்று தெரியவில்லையென்றால் அதன் மேல் ஒரு சொட்டு வீட்டு பிளீச் விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளுத்தால் பூசணம். பூசணத்தைக் கொல்லாமல் மேலே பூசினால் அது புதுப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வரும். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர், அதில் சிறிது சோப்புத்தூள். நைலான் பிரஷால் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பக்கத்துச் செடிகளை முன்பே நனைத்து மூடிவையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். உடைந்து சிக்கும் கம்பித்துகள் துருக்கறையாக மாறும். அழுத்தத் தண்ணீர்க் கருவி வைத்திருந்தால் முனையை ஓரடி தள்ளியே பிடியுங்கள், கிட்டே கொண்டுபோனால் மென்மையான நாரைப் பிய்த்துவிடும்.

ஆணிக் கறுப்புக் கறைக்குப் பிளீச் பயன்படாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 முதல் 100 கிராம் ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்துப் பூசி, கறை மறைந்ததும் நன்றாகக் கழுவ வேண்டும். இது விஷம், கையுறை, கண்ணாடி அணியுங்கள். பிளீச்சும் இந்த அமிலமும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு வரும். ஒரு வேலையை முடித்து, முழுதும் கழுவி, மறுநாள் மற்றதைச் செய்யுங்கள்.

கழுவிய மரம் காய வேண்டும். மார்ச் வெயிலில், காற்றோட்டமான வேலிக்கு மூன்று நான்கு நாள். தரைக்கு நெருக்கமான மரத்தளத்துக்கு ஒரு வாரம்கூட ஆகும். தயாரா என்று பார்க்க, வெறும் மரத்தின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் உறிஞ்சினால் பூச்சை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. முத்துப்போல் நின்றால் ஈரமோ பழைய எண்ணெயோ மிச்சம் இருக்கிறது.

தேய்ப்பதற்கு 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 100 அல்லது 120இல் நிறுத்துங்கள். வீட்டுக்குள் மேசைக்குத் தேய்ப்பதுபோல் வழவழப்பாக்கினால் ஸ்டெய்ன் உள்ளே இறங்காது. துளை, வெடிப்புகளுக்குச் சுவர் பட்டியும் சாக்பீஸ் பொடிப் பட்டியும் வெளியில் நிற்காது; மரம் விரியும்போது கட்டியாக விழும். இரண்டு பகுதி எபாக்ஸி பட்டி நிற்கும். மயிரிழை வெடிப்புகளை அடைக்கவே வேண்டாம், ஸ்டெய்ன் அதற்குள் தானே ஓடும்.

மரம் வெறுமையாக இருக்கும் இந்த நேரம்தான் மருந்துக்குச் சரியான நேரம். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்தால் பூஞ்சைக்கும் கரையானுக்கும் பயன்படும் எளிய கரைசல் கிடைக்கும். வெட்டுமுனை, இணைப்பு, திருகாணித் துளை எல்லாவற்றிலும் இரண்டு மூன்று முறை ஊறவிடுங்கள். இது மழையில் கரைந்து போகும் மருந்து. காய்ந்ததும் மேலே பூச்சு அவசியம். மண்ணுக்குள் இருக்கும் பகுதியை இதனால் காப்பாற்ற முடியாது. அங்கே கம்பத்தை மண்ணிலிருந்து தூக்கி, கான்கிரீட்டில் பதித்த இரும்புக் காலின் மேல் நிறுத்துவதே நிரந்தர வழி. பச்சைச் சீகைக் கம்புக்குத் தார் அடித்து நடுவது நல்லதென்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் நீர் வெளியேற முடியாமல் கம்பு உள்ளிருந்தே மக்கும். தார் அடிப்பதென்றால் நன்கு காய்ந்த கம்பாக இருக்க வேண்டும்.

இனி அளவு. 50 அடி நீளம், 4 அடி உயரம் உள்ள வேலி: ஒரு பக்கம் 200 சதுர அடி, இரு பக்கமும் 400. ரீப்பர்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கழித்து, விளிம்புகளைக் கூட்டினால் ஏறக்குறைய அதே எண்தான் வரும். இழைக்காத முரட்டு மரத்தில் ஸ்டெய்ன் முதல் கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி, இரண்டாவதுக்கு 90 என்று கணக்கிட்டால் 7 லிட்டரும் நாலரை லிட்டரும். 12 லிட்டர் வாங்குங்கள். இழைத்த பலகையாக 10க்கு 12 அடித் தளம் என்றால் பக்கவிளிம்புகளோடு இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர் போதும். பல டப்பாக்கள் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் சற்றே மாறும். நிறத்துகள் அடியில் படிவதால் அரை மணிக்கு ஒருமுறை கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூசும்போது ஒரு பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் முடியுங்கள். பாதியில் விட்டு, காய்ந்ததன் மேல் மறுபடி ஏற்றினால் அந்த இடம் திட்டாகத் தெரியும். உருளையால் போட்டாலும் உடனே பிரஷால் ரேகையோடு இழுத்து உள்ளே தேய்த்துவிட வேண்டும். எண்ணெய் ஸ்டெய்ன் என்றால் 15–20 நிமிடம் கழித்து, உறிஞ்சாமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்தெடுங்கள். "கனமாக இருக்கட்டும்" என்று விட்டால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், தூசி ஒட்டிக் கறுக்கும்.

அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. காயும் எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் மூழ்கடியுங்கள்.

பெயிண்ட் என்றால் வெறும் மரத்துக்கு முதலில் வுட் பிரைமர் ஒரு கோட், மேலே அக்ரிலிக் இரண்டு கோட். பிரைமரை எல்லாப் பக்கமும், பார்வைக்கு வராத பின்பக்கம் உட்பட, அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை மறுபக்கம் ஈரம் வாங்கி வளையும். பிரைமர் அடித்த ஒரு வாரத்துக்குள் மேல்கோட்டை முடித்துவிடுங்கள்.

மரத்தளத்துக்கு மட்டும்

பலகைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். 4 அங்குல ஆணியை இடையில் வைத்து அளந்தால் சரியாக வரும். அந்த இடைவெளியில் கற்பூர மர இலையும் பைன் ஊசியும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். தளம் மக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில், பலகைக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் நடுவில். ஒரு மெல்லிய தகட்டால் மாதம் ஒருமுறை கிளறிவிடுங்கள். தளத்துக்குக் கீழே ஓரடியாவது காற்றோட்டம் இருக்கட்டும். அந்த இடத்தில் விறகு அடுக்க வேண்டாம். பூந்தொட்டிகளை நேராகப் பலகையில் வைக்காமல், அடியில் சிறு கால்கள் கொடுத்து உயர்த்தி வையுங்கள்.

உரிந்ததைப் பார்த்துக் காரணம் அறிவது

கொப்புளத்தைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள். அடியில் வெறும் மரம் தெரிந்தால் ஈரம் பின்னாலிருந்து வந்திருக்கிறது: வெட்டுமுனையையும் இணைப்பையும் தேடுங்கள். அடியில் பழைய பெயிண்ட் தெரிந்தால் வெயிலில் பூசியது அல்லது அழுக்கின் மேல் பூசியது. உரிந்த செதிலைத் திருப்பி, பின்பக்கத்தில் சாம்பல்நிற நார் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், வெயிலில் சிதைந்த மேற்பரப்பைத் தேய்க்காமலே பூசியிருக்கிறார்கள். ரேகையோடு நீளநீளமாக வெடித்திருந்தால் படலம் இறுகிவிட்டது அல்லது பல வருட அடுக்குகள் சேர்ந்து கனத்துவிட்டன. இன்னொரு கோட் அதை மோசமாக்கும், சுரண்டி எடுப்பதே வழி. வெள்ளைப் பெயிண்டில் பழுப்புக் கறை ஊறி வந்தால் மரத்தின் துவர்ப்பு. கறைதடுக்கும் பிரைமர் இல்லாமல் எத்தனை கோட் அடித்தாலும் அது வரும்.

மறுபூச்சு எப்போது?

மரத்தளத்தின் ஸ்டெய்னை ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். வேலி ஸ்டெய்ன் இரண்டு முதல் நான்கு வருடம் வரும். சரியாகத் தயாரித்துப் பூசிய அக்ரிலிக் பெயிண்ட் நான்கு முதல் ஆறு வருடம். மேற்குப் பார்த்த முகமும் மேல்சட்டமும் முதலில் மங்கும். முழு வேலிக்கும் காத்திராமல் அவற்றுக்கு மட்டும் நடுவில் ஒரு கோட் கொடுக்கலாம். தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்க்கும் அதே சோதனை இங்கேயும் உதவும்: பூசிய மரத்தில் சொட்டு உருண்டு நின்றால் இன்னும் காப்பு இருக்கிறது, உறிஞ்சத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது.

டிசம்பரில் மழை ஓய்ந்ததும் ஒருமுறை வேலியைச் சுற்றி வந்து, திறந்துகொண்ட முனைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமான பூச்சு அதற்குத் தேவைப்படும். டப்பாவின் விளிம்பைத் துடைத்து, மூடியை இறுக்கி, உறைபனி படாத அறையில் வையுங்கள். தண்ணீர் சார்ந்த பெயிண்ட் ஒருமுறை உறைந்து கட்டிதட்டிவிட்டால் மறுபடி சேராது. பிரஷ் கழுவிய டர்பன்டைனை ஒரு பாட்டிலில் ஊற்றி இரண்டு நாள் வைத்தால் நிறத்துகள் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம். அடியில் தங்கிய கசடை ஓடைப் பக்கம் கொட்டாமல், மரத்தூளில் உறிஞ்சவைத்துத் திறந்தவெளியில் பரப்பிக் காயவைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, வீட்டுக் கழிவில் ஆபத்தான பொருள்களைத் தனியாக வாங்கும் இடத்தில் கொடுங்கள்.